ஸ்கோப் லென்ஸ் தகராறு: திரையில் தெரியும் குறையிலிருந்து காரணத்தைப் பிடிப்பது

வீட்டில் 16 எம்எம் ஃபிலிம் புரொஜெக்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கட்டத்தில் ஸ்கோப் ஆசை வந்துவிடும். எங்கிருந்தோ ஒரு சினிமாஸ்கோப் பிரிண்ட், அதாவது அகலத்திரைப் படத்தின் ஃபிலிம் பிரதி, கைக்கு வரும், அதை ஓட்டிப் பார்த்தால் எல்லாரும் ஊதுபத்தி மாதிரி நிற்பார்கள், உடனே அனமார்ஃபிக் லென்ஸ் தேடி இறங்குவோம். நானும் அப்படித்தான் இறங்கினேன். மூன்று லென்ஸ் வாங்கினேன், அதில் இரண்டு தேவையே இல்லாதவை. முதல் லென்ஸில் இருப்பதாக நான் நினைத்துத் திட்டிக்கொண்டிருந்த குறைகளில் பாதிக்கு மேல் அந்த லென்ஸின் குறையே அல்ல என்று புரிய இரண்டு வருடம் ஆனது. அதனால் எந்த லென்ஸ் நல்லது என்று பட்டியல் போடாமல், திரையில் என்ன தெரிகிறது என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். இன்னும் லென்ஸ் வாங்காதவர்களும் இதைப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

அடிப்படை இவ்வளவுதான். ஸ்கோப் பிரிண்டில் படம் அகலவாட்டில் பாதியாக ஒடுக்கப்பட்டிருக்கும். புரொஜெக்டரின் சாதாரண லென்ஸுக்கு முன்னால் அனமார்ஃபிக் லென்ஸை, அதாவது ஸ்கோப் லென்ஸை, வைத்து அகலத்தை மட்டும் இரண்டு மடங்காக விரிக்கிறோம், உயரம் அப்படியே இருக்கும். பிரான்சின் ஆன்ரி கிரெத்தியன் 1920களில் செய்த ஹைப்பர்கோனார் லென்ஸை வைத்துத்தான் ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் 1953இல் சினிமாஸ்கோப்பைக் கொண்டுவந்தது. நம் பக்கம் 1973இல் ‘ராஜ ராஜ சோழன்’ தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமாக வந்தது. வரலாறு போதும், திரைக்கு வருவோம்.

ஆட்கள் ஒல்லியாக இருக்கிறார்கள்

லென்ஸ் போடாமல் இப்படித் தெரிந்தால் அது ஸ்கோப் பிரிண்ட், குறை ஒன்றும் இல்லை. லென்ஸ் போட்ட பிறகும் கொஞ்சம் ஒல்லியாகவே இருந்தால் உங்கள் லென்ஸ் இரண்டு மடங்கு விரிப்பது அல்ல. முதலில் நான் ஏமாந்த இடம் இதுதான். ‘அனமார்ஃபிக், வீட்டுப் புரொஜெக்டருக்கு ஏற்றது’ என்று ஒருவர் விற்றார், வாங்கினேன். வந்தது 1.33 மடங்கு லென்ஸ். அது டிஜிட்டல் புரொஜெக்டர்காரர்களுக்கானது. அவர்களுடைய கருவிக்குள் படத்தை உருவாக்கும் சில்லு 16:9, அதை 1.33 மடங்கு விரித்தால் 2.37 வரும், அவர்களுக்குக் கணக்கு சரி. ஃபிலிமுக்கு அது உதவாது. 1.5 மடங்கு லென்ஸ்களும் சந்தையில் உண்டு, ஐஸ்கோராமா அப்படிப்பட்டதுதான். அருமையான கண்ணாடி, ஆனால் வீடியோ எடுப்பவர்கள் கேமராவில் மாட்டுவதற்காகத் தேடித்தேடி வாங்கி விலையை எங்கேயோ கொண்டுபோய்விட்டார்கள். சாதாரண 16 எம்எம் ஸ்கோப் பிரிண்டுக்கு அது தேவையும் இல்லை.

கையில் இருக்கும் லென்ஸ் எத்தனை மடங்கு என்று கண்டுபிடிக்க ஃபிலிமே வேண்டாம். புரொஜெக்டரில் ஃபிலிம் இல்லாமல் விளக்கை மட்டும் போட்டு, திரையில் விழும் வெள்ளைக் கட்டத்தின் அகலத்தை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். அப்புறம் ஸ்கோப் லென்ஸை முன்னால் வைத்து இன்னொரு முறை அளக்கவும். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் விடை. உயரம் இரண்டு தடவையும் ஒன்றாக இருக்க வேண்டும். விற்பவர் பேச்சையும் லென்ஸ் உடம்பில் எழுதியிருப்பதையும் நம்புவதைவிட இந்த டேப்பை நம்பலாம்.

டைட்டில் மட்டும் ஒல்லி, படம் ஆரம்பித்ததும் எல்லாரும் சரியாகிவிடுகிறார்கள் என்றால் குழம்ப வேண்டாம். டிவிக்காகத் தயாரித்த பழைய பிரிண்டுகளில் இது சகஜம். ஸ்கோப் படத்தின் இரண்டு பக்கத்தையும் வெட்டிச் சாதாரணச் சட்டத்துக்குள் அடக்கியிருப்பார்கள், டைட்டிலை வெட்டினால் பெயர்கள் பாதி போய்விடும் என்பதால் அதை மட்டும் ஒடுக்கியபடியே விட்டிருப்பார்கள். டைட்டிலை மட்டும் பார்த்து ‘ஸ்கோப் பிரிண்ட்’ என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். வாங்கும்போது ரீலை நடுவில் ஒரு கை நீளம் பிரித்து, வெளிச்சத்தில் பிடித்து, வண்டிச் சக்கரமோ கடிகாரமோ முட்டை வடிவத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆட்கள் குண்டாக, குள்ளமாக இருக்கிறார்கள்

சாதாரண பிரிண்டுக்கு ஸ்கோப் லென்ஸைக் கழற்ற மறந்திருக்கிறீர்கள். தியேட்டரில் ஃபிலிம் ஓட்டிய காலத்தில் ஸ்கோப் படத்துக்குப் பின் சாதாரணப் படம் வரும்போது ஆபரேட்டர் லென்ஸ் மாற்ற மறந்தால் விசில் பறந்ததே, அதே சங்கதி.

படம் சாய்ந்திருக்கிறது, ஆனால் புரொஜெக்டர் நேராகத்தான் இருக்கிறது

கதவு, தூண், கம்பம் எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்து, கட்டம் பக்கவாட்டில் தள்ளிவிட்டதுபோல் இணைகரமாகத் தெரியும். ஸ்கோப் லென்ஸ் அதன் அச்சில் கொஞ்சம் திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான். இதில் பலர் செய்யும் தப்பு, புரொஜெக்டரின் ஒரு காலுக்கு அட்டை வைத்து முட்டுக்கொடுப்பது. அது வேலைக்காகாது. லென்ஸ் 2 டிகிரி திரும்பியிருந்தால் நிற்கும் கோடுகள் 2 டிகிரி ஒரு திசையில் சாயும், படுத்திருக்கும் கோடுகள் ஏறக்குறைய 1 டிகிரி அதற்கு எதிர்த் திசையில் சாயும். புரொஜெக்டரைச் சாய்த்து ஒன்றைச் சரிசெய்தால் மற்றது இன்னும் கெட்டுப்போகும். லென்ஸைத்தான் திருப்ப வேண்டும். மறுபடியும் ஃபிலிம் இல்லாமல் வெள்ளைக் கட்டத்தைத் திரையில் போட்டு, நாலு மூலையும் செங்கோணமாக வரும்வரை லென்ஸை முடி இழை அளவு திருப்பி, பிடிப்பை இறுக்குங்கள். சரியான இடத்தில் வெள்ளை மார்க்கரால் லென்ஸிலும் பிடிப்பிலும் சேர்த்து ஒரு கோடு போட்டுவிட்டால் அடுத்த முறை அரை நிமிட வேலை.

எழுத்தில் ஒரு கோடு கூர்மை, இன்னொரு கோடு மங்கல்

எல்லாவற்றையும்விட அதிகமாக வருவதும், ‘லென்ஸ் சரியில்லை’ என்று அதிகமாகத் தவறாகத் தீர்ப்பு எழுதப்படுவதும் இதற்குத்தான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஸ்கோப் லென்ஸுக்குள் இருப்பது சிலிண்டர் வடிவக் கண்ணாடிகள். அகலவாட்டில்தான் அவற்றுக்கு வேலை, உயரவாட்டில் அவை வெறும் ஜன்னல் கண்ணாடி. ஆகவே ஜன்னல் கம்பி, தூண், கதவு விளிம்பு மாதிரி நிற்கும் கோடுகளின் கூர்மை ஸ்கோப் லென்ஸின் கையிலும், மாடிப்படி, மேசை விளிம்பு மாதிரி படுக்கும் கோடுகளின் கூர்மை புரொஜெக்டரின் சாதாரண லென்ஸின் கையிலும் இருக்கிறது. தமிழ் டைட்டில் இருந்தால் பரிசோதனைக்கு ‘ட’ என்ற ஓர் எழுத்தே போதும். அதன் நிற்கும் கோடு மங்கினால் ஸ்கோப் லென்ஸின் வளையத்தைத் திருப்புங்கள், அடிக்கோடு மங்கினால் புரொஜெக்டர் லென்ஸைத் திருப்புங்கள். இது தெரியாமல் ஒரே வளையத்தை மாற்றி மாற்றித் திருகினால் ராத்திரி முழுக்கத் திருகலாம்.

நான் செய்யும் வரிசை: ஸ்கோப் லென்ஸை எடுத்துவிட்டு, ஃபிலிமை ஓட்டி, படத்தின் துகள் தெரியும்வரை சாதாரண லென்ஸை ஃபோகஸ் செய்வேன். ஒல்லியான ஆட்களைப் பார்த்து ஃபோகஸ் செய்வது விசித்திரமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. அடுத்து ஸ்கோப் லென்ஸை மாட்டி, அதன் தூர வளையத்தைத் திரை இருக்கும் தூரத்துக்கு வைப்பேன், உதாரணமாக 4.5 மீட்டர். அங்கிருந்து முன்பின் நகர்த்தி நிற்கும் கோடுகளைக் கூர்மையாக்குவேன். கடைசியாகச் சாதாரண லென்ஸை ஒரு தொடு தொட்டு அடிக்கோட்டைப் பிடித்தால், நிற்கும் கோடு கொஞ்சம் நழுவியிருக்கும், அதை மீண்டும் பிடிக்க வேண்டும். இரண்டு சுற்றில் முடிந்துவிடும்.

ஸ்கோப் வளையம் முட்டும்வரை திருப்பியும் நிற்கும் கோடு கூர்மைக்கு வரவில்லையா? அப்படியானால் உங்கள் திரை அந்த லென்ஸுக்கு மிக அருகில் இருக்கிறது. சில சின்ன லென்ஸ்களுக்குத் தூர வளையமே கிடையாது, வெகுதூரத்துக்கு என்று தொழிற்சாலையிலேயே நிறுத்தியிருப்பார்கள். அதற்கு ஒரு வைத்தியம் இருக்கிறது. ஸ்கோப் லென்ஸுக்கு முன்னால் ஒரு மெல்லிய கூட்டல் பவர் கண்ணாடி வைத்தால் போதும். 1ஐ மீட்டரில் உள்ள தூரத்தால் வகுத்தால் பவர் வரும்: 4 மீட்டர் என்றால் 0.25, 2 மீட்டர் என்றால் 0.5. கேமராக் கடையில் இந்த அளவில் பெரிய விட்டமுள்ள க்ளோஸ்அப் கண்ணாடி கிடைப்பது கஷ்டம். தெருமுனைக் கண்ணாடிக் கடையில் வெட்டாத வட்ட லென்ஸ் கேளுங்கள், பிளஸ் 0.25, ஃபிரேம் வேண்டாம் என்று. கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். ஓரங்களில் கூர்மை கொஞ்சம் குறையும், ஆனால் தரமான க்ளோஸ்அப் கண்ணாடி தேடி அலைவதற்கு முன் கொள்கை சரிதானா என்று பார்க்க இதுவே போதும். இதைப் போட்ட பிறகு ஸ்கோப் வளையத்தை வெகுதூரக் குறியில் வைத்துவிட்டு, அங்கிருந்து ஆரம்பியுங்கள்.

இரண்டு கோடும் எப்படித் திருப்பினாலும் ஒருசேரக் கூர்மைக்கு வராமல், குறுக்குக் கோடுகளில் ஒரு பக்கம் சாய்ந்தவை மட்டும் தெளிவாகத் தெரிந்தால், அது உண்மையிலேயே லென்ஸின் வியாதி. யாரோ கழற்றிச் சுத்தம் செய்துவிட்டு, முன் சிலிண்டரையும் பின் சிலிண்டரையும் ஒரே நேர்க்கோட்டில் நிறுத்தாமல் மூடியிருக்கிறார்கள். சரிசெய்ய முடியும், பொறுமை வேண்டும். வாங்கும் முன்பே தெரிந்தால் தொடாமல் வந்துவிடுவது நல்லது.

இடமும் வலமும் இருட்டு வளைவு

படத்தின் இரண்டு ஓரத்தையும் நிழல் கடித்திருக்கும். பெரும்பாலும் ஸ்கோப் லென்ஸின் பின்கண்ணாடி சிறியது, அல்லது இரண்டு லென்ஸுக்கும் நடுவில் இடைவெளி அதிகம். முதலில் இடைவெளியைக் குறையுங்கள், கண்ணாடியோடு கண்ணாடி முட்டாமல் எவ்வளவு நெருக்க முடியுமோ அவ்வளவு. ஒரு பக்கம் மட்டும் இருட்டு என்றால் லென்ஸ் நடுவில் இல்லை, நகர்த்துங்கள். இரண்டுக்கும் மசியவில்லை என்றால் அளவுதான் பிரச்சினை.

இதை வாங்கும் முன்பே கணக்குப் போட்டுவிடலாம். 16 எம்எம் புரொஜெக்டர்களில் வழக்கமாக இருப்பது 50 மிமீ லென்ஸ். அதன் துளை எஃப் 1.2 என்றால் ஒளி வெளிவரும் வட்டம் 50 வகுத்தல் 1.2, கிட்டத்தட்ட 42 மிமீ. எஃப் 1.6 என்றால் 31 மிமீ. ஸ்கோப் லென்ஸின் பின்கண்ணாடி அதற்குக் குறைந்தால் ஒளி வீணாகும். மூலை இருட்டாவதற்கு முன்பே மொத்தப் படமும் சத்தமில்லாமல் மங்கும், அதனால் பலருக்கு இது தெரிவதே இல்லை. சூப்பர் 8க்கு (8 எம்எம் அகல வீட்டு ஃபிலிம்) என்று விற்கும் குட்டி லென்ஸை 16 எம்எம் புரொஜெக்டரில் மாட்டுபவர்களுக்கு இதுதான் நடக்கிறது. சூப்பர் 8காரர்களுக்கு வேறு தலைவலி. ஜூம் லென்ஸை அகலமான பக்கம் வைத்தால் ஓரம் கடிக்கும், புரொஜெக்டரைப் பின்னால் தள்ளி ஜூமை நீளமான பக்கம் கொண்டுபோனால் சரியாகிவிடும்.

படம் திரைக்கு வெளியே போகிறது, அல்லது பக்கத்தில் கறுப்புப் பட்டை

லென்ஸை மாட்டும் ஆர்வத்தில் திரையின் அகலத்தை மறந்துவிடுகிறோம். 16 எம்எம் புரொஜெக்டரின் சட்டம் ஏறக்குறைய 9.65க்கு 7.26 மிமீ. 50 மிமீ லென்ஸ், 4.5 மீட்டர் தூரம் என்றால் சாதாரணப் படம் 87 செமீ அகலம், 65 செமீ உயரம். ஸ்கோப் போட்டதும் அகலம் 1.74 மீட்டர், உயரம் அதே 65 செமீ. சுவரில் அவ்வளவு அகலம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் புரொஜெக்டரை முன்னால் கொண்டுவரலாம், உயரமும் சேர்ந்து சுருங்கும் என்பதைத் தாங்கிக்கொள்ள வேண்டும். 65 மிமீ லென்ஸுக்கு மாறினாலும் அதே கதைதான்.

பக்கவாட்டில் கறுப்புப் பட்டை தெரிந்தால் அது குறையல்ல. 16 எம்எம் சட்டத்தை இரட்டிப்பாக்கினால் 2.66 விகிதம் வரும், 35 எம்எம் ஸ்கோப் படமோ 2.35. சிறிதாக்கும்போது சில லேப்கள் பக்கத்தில் கறுப்பு விட்டன, சில மேலும் கீழும் கொஞ்சம் வெட்டின. கறுப்பு விட்ட பிரிண்ட் கிடைத்தால் அதிர்ஷ்டம், படம் முழுசாக இருக்கிறது.

மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் நடுப்பக்கம் வளைந்து தெரிந்தால் திரை மிக அருகில் இருக்கிறது. பின்னால் தள்ளினால் குறையும். முழுதாகப் போக வேண்டுமானால் வளைந்த திரைதான், வீட்டில் அந்த வம்பு நமக்கு வேண்டாம் என்பது என் கட்சி. கறுப்புத் துணி ஓரம் தைத்த திரையில் அந்த வளைவு துணிக்குள் மறைந்துவிடும்.

படம் மங்கலாக, உயிரில்லாமல் இருக்கிறது

அதே ஒளியை இரண்டு மடங்கு பரப்பில் பூசுகிறீர்கள், பாதி வெளிச்சம்தான் இருக்கும். இது இயற்பியல், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸும் இதை மாற்றாது. பல 16 எம்எம் புரொஜெக்டர்களில் இருப்பது 24 வோல்ட் 250 வாட் ஹாலஜன், அதற்கு மேல் வாட் போடலாமா என்று கேட்பார்கள். வேண்டாம், ஃபிலிமும் வயரிங்கும் அந்தச் சூட்டுக்குச் செய்தவை அல்ல. அறையை உண்மையாகவே இருட்டாக்குங்கள், விளக்கின் ரிஃப்ளெக்டரையும் ஒளியைக் குவிக்கும் கண்டென்சர் கண்ணாடியையும் துடையுங்கள், படத்தைக் கொஞ்சம் சிறிதாக்குங்கள்.

வெளிச்சம் இருக்கிறது, ஆனால் கறுப்பு சாம்பலாகத் தெரிகிறது, பிரகாசமான விளக்கைச் சுற்றி புகை மாதிரி படர்கிறது என்றால் கண்ணாடிக்குள் பூஞ்சை அல்லது படலம். கடற்கரை ஊர்களில், சென்னையில் என் வீட்டிலேயே, அலமாரியில் ஒரு மழைக்காலம் மூடி வைத்த லென்ஸில் சிலந்தி வலை போலப் பூஞ்சை பிடித்தது. டார்ச்சைப் பின்னாலிருந்து அடித்து முன்னாலிருந்து பார்த்தால் தெரியும். ஓரத்தில் வானவில் நிறத்தில் எண்ணெய் படிந்ததுபோல் தெரிந்தால் ஒட்டிய கண்ணாடிகள் பிரிய ஆரம்பித்துவிட்டன. ஓரத்தோடு நின்றால் ஓட்டலாம், நடுவுக்கு வந்திருந்தால் விலை பேசவே வேண்டாம்.

ரீல் ஆரம்பத்தில் சரி, பாதியில் ஃபோகஸ் போகிறது

மீண்டும் ‘ட’வைப் பாருங்கள். இரண்டு கோடும் சேர்ந்து மங்கினால் ஃபிலிம் சூட்டில் வளைகிறது, லென்ஸுக்குச் சம்பந்தமில்லை. நிற்கும் கோடு மட்டும் போனாலோ படம் மெதுவாகச் சாய ஆரம்பித்தாலோ, ஸ்கோப் லென்ஸ் அதிர்வில் நழுவுகிறது. கனமான லென்ஸைப் புரொஜெக்டரின் சின்ன லென்ஸ் குழலில் தொங்கவிட்டால் இப்படித்தான் ஆகும், குழலின் மரையும் தேயும். நான் முதலில் பிளம்பிங் கடையில் பிவிசி கப்ளிங் வாங்கி ஒட்டுப்போட்டேன், 400 அடி ரீல் 11 நிமிடம் ஓடி முடிவதற்குள் லென்ஸ் தலை குனிந்துவிட்டது. பிறகு லேத் பட்டறையில் அலுமினியத்தில் ஒரு வளையம் கடைந்து, மூன்று திருகு வைத்து, புரொஜெக்டர் நிற்கும் பலகையிலிருந்தே தனிக் கம்பி ஏற்றி லென்ஸை அதில் உட்காரவைத்தேன். லென்ஸ் புரொஜெக்டரைத் தொடவே இல்லை. அதற்கப்புறம் தொல்லை இல்லை.

பழைய தியேட்டர் லென்ஸ் கிடைக்கிறது, வாங்கலாமா

தியேட்டர்கள் டிஜிட்டலுக்கு மாறியபோது ஸ்கோப் லென்ஸ்கள் பழைய சாமான் கடைகளுக்கு வந்தன, இன்னும் அங்கங்கே கிடைக்கின்றன. இரண்டு விஷயம் பாருங்கள். சாதாரண லென்ஸும் ஸ்கோப்பும் ஒரே குழலில் சேர்ந்து வந்திருந்தால் விட்டுவிடுங்கள், பிரிக்க முடியாது, உங்கள் அறைக்கு அதன் குவியத் தூரமும் ஒத்துவராது. தனியாக முன்னால் மாட்டும் வகை என்றால் தூர வளையம் எந்த எண்ணில் ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். தியேட்டர் நீளத்துக்குச் செய்தது, உங்கள் கூடத்துக்கு இறங்காது, அப்போது மேலே சொன்ன கண்ணாடிக் கடை வைத்தியம்தான். பின்கண்ணாடி தாராளமாக இருப்பதால் ஓரம் கடிக்காது, வெளிச்சம் வீணாகாது, அது பெரிய லாபம். எடைக்குத் தனிக் கம்பி கட்டாயம். வம்பு வேண்டாம் என்பவர்களுக்கு, ஜப்பானின் கோவா 8 இசட், கோவா 16 எச், சாங்கோர் 16 சி போன்ற இரண்டு மடங்கு லென்ஸ்கள் இந்த வேலைக்கென்றே செய்தவை. வீடியோக்காரர்கள் இவற்றையும் விட்டுவைக்கவில்லை என்பதால் விலைதான் இப்போது வலிக்கிறது.

எந்த லென்ஸானாலும் கடையிலேயே, புரொஜெக்டர் இல்லாமல், ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். குளியலறை டைல்ஸ் சுவர் மாதிரி கட்டம் போட்ட எதையாவது தேடி, லென்ஸின் சின்னக் கண்ணாடிப் பக்கம் கண் வைத்துப் பாருங்கள். டைல் ஒரு திசையில் பாதியாக ஒடுங்கித் தெரியும். லென்ஸை மெதுவாகச் சுற்றினால் கட்டங்கள் சாய்ந்து சாய்ந்து போய், ஓர் இடத்தில் எல்லாக் கோடும் செங்கோணத்துக்கு வந்து நிற்க வேண்டும். அப்படி ஓர் இடமே வரவில்லை என்றால் உள்ளே சிலிண்டர்கள் பிசகியிருக்கின்றன, லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.